பருவத்துக்கு ஒரு பாதை: ஸோஜிலா கணவாய் புகட்டும் பாடம்

தறியில் ஏறும் நூல் எவ்வழியே வந்தது என்று நெசவாளர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் எண்ணியிருப்பர். நமக்கு நூல் வரும் வழி பெரும்பாலும் சமவெளியில் உள்ளது. மழை பெய்தால் ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவே. காச்மீரத்துச் சால்வை நெசவாளரின் நிலை அவ்வாறன்று. அவர்களுடைய தறிக்கும் ஆட்டு மந்தைக்கும் இடையே ஒரு மலை நிற்கிறது. அதனைக் கடக்கும் வித்தையையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

லடாக்கின் கிழக்குப் பகுதியில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேல், சாங்தாங் என்னும் மேட்டுநிலம் உள்ளது. அங்கு மேயும் வெள்ளாடுகள் கடுங்குளிரைத் தாங்கும்பொருட்டு மேல்மயிரின் அடியில் மெல்லிய உள்மயிரை வளர்க்கின்றன. இதன் பருமன் 12 முதல் 15 மைக்ரான். குளிர் நீங்கியதும் சீப்பினால் வாரி எடுக்கப்படும் இதுவே பஷ்மினா. ஆடு வளர்ப்போர் லே நகரில் தமக்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்றும் அமைத்துள்ளனர். லே நகரிலிருந்து ஸ்ரீநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 400 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அச்சாலையின் கடினமான இடம், திராஸுக்கும் ஸோனாமார்க்குக்கும் இடையேயுள்ள ஸோஜிலா கணவாய்.

இதன் உயரம் ஏறத்தாழ 3,528 மீட்டர். ஒரு புறம் செங்குத்தான பாறை. மறு புறம் பள்ளம். பல இடங்களில் தார் நிலைப்பதில்லை. சரளையும் சேறுமே சாலை. 1948ஆம் ஆண்டில் இங்குக் கோவேறு கழுதைகள் செல்லும் தடமே இருந்தது. அதனைக் கவச வண்டிகள் ஏறத்தக்கவாறு வெட்டி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் பக்கத்துப் பொறியியற் படையினர். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் டாங்கிகள் அவ்வழியே ஏறின. இன்று கணவாயின் அடியில் 13 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கப்பாதை குடையப்பட்டு வருகிறது. அது முடியும் வரை மேலேயுள்ள பாதையே கதி.

இப்பாதையில் வண்டி ஓட்டுபவர் முதலில் அறிய வேண்டியது காற்றின் குறைவு. கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. டர்போ இல்லாத எஞ்சின் இவ்வுயரத்தில் தன் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். சமவெளியில் இரண்டாவது கியரில் ஏறிய சுமை இங்கு முதல் கியரைக் கேட்கும். ஓட்டுபவருக்கும் இதுவே விதி. பழகாத உடம்புக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். தீர்மானிக்கும் ஆற்றல் மழுங்கும். ஆதலின் ஓரிரு இரவு இடைப்பட்ட உயரத்தில் தங்கி, பின்னர் ஏறுவதே முறை.

இனி, பருவங்களைப் பார்ப்போம்.

பனி நீக்கப்பட்டுச் சாலை திறக்கும் வசந்த காலத்தில், இரு பனிச் சுவர்களுக்கிடையே வண்டி செல்லும். நடுப்பகல் வெயிலில் இளகிய பனி சரிந்து விழக்கூடும். எனவே அதிகாலையில் கடப்பதே நன்று. பனிச் சரிவின் கீழ் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தல் ஆகாது.

கோடையில் பனி உருகிய நீர் ஓடைகளாகிச் சாலையைக் குறுக்கிடும். இரவில் உருகுதல் குறைவதால் காலையில் ஓடை வற்றியிருக்கும், பிற்பகலில் பெருகும். இப்பருவத்திலும் காலையே உகந்தது. கலங்கிய நீர் ஆழத்தை மறைக்கும். முன்னே சென்ற வண்டியின் சக்கரம் எவ்வளவு முழுகிற்று என்று பார்த்த பின்னரே இறங்க வேண்டும். தாழ்ந்த கியரில், ஒரே சீரான வேகத்தில் கடத்தல் வேண்டும். நடுநீரில் கியரை மாற்றலாகாது. கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி ஈரத்தை நீக்குக.

இலையுதிர் காலத்தில்தான் பலர் தவறுகின்றனர். கோடை முழுவதும் அதிகாலையில் புறப்பட்டுப் பழகியவர், அக்டோபரிலும் அவ்வாறே புறப்படுகிறார். ஆனால் முந்தின நாள் சாலையில் கசிந்த நீர் இரவில் உறைந்து, நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டித் தகடாகக் கிடக்கிறது. அதன்மேல் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும்; வண்டி நிற்காது. இப்பருவத்தில் வெயில் சாலையில் விழும் வரை காத்திருத்தல் வேண்டும். சக்கரச் சங்கிலியைச் சரிவு தொடங்குமுன் சமதரையில் மாட்டுக. சறுக்கிய பின் மாட்ட இடம் கிடைக்காது.

குளிர்காலத்தில் சாலையே மூடப்படும். முன்னர் மாதக்கணக்கில் மூடியிருந்த கணவாய், 2025ஆம் ஆண்டில் 32 நாட்களே மூடப்பட்டு ஏப்ரல் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. எல்லைச் சாலை அமைப்பினரின் உழைப்பு அத்தகையது. கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் கட்டிப்படும். இதன்பொருட்டு, பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை உறையாத டீசல் 2019ஆம் ஆண்டு நவம்பரில் லடாக்கில் விற்பனைக்கு வந்தது.

எப்பருவத்துக்கும் பொதுவான விதிகள் இரண்டு. இறங்கும்போது எஞ்சினே வண்டியைத் தாங்கும்படி தாழ்ந்த கியரில் இறங்குக. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பயனற்றுப் போகும். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுக.

இவற்றிலிருந்து விளங்குவது யாது? ஜூனில் உயிர் காத்த அதிகாலை, அக்டோபரில் உயிர் வாங்குகிறது. பாதை ஒன்றே, விதி மாறிவிட்டது. ஆதலின் சென்ற தடவைப் பழக்கத்தை நம்புவதைவிட, எதிர்த் திசையிலிருந்து இன்று வந்தவரைக் கேட்பதே அறிவு. எந்த வளைவில் நீர், எந்த இடத்தில் கல் என்பதை அவர் அறிவார். நாமும் இறங்கியபின் அடுத்தவருக்கு அதனைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும், அறிந்தவரும் சில வேளை துணிந்து ஏறுகின்றனர். காரணம் அறியாமையன்று, கூலி. காத்திருக்கும் நாளின் செலவு ஓட்டுபவர் தலையில் மட்டும் விழுமாயின், அவர் பனிக்கட்டியைப் பார்த்தும் வண்டியை எடுப்பார். அச்செலவை அனைவரும் பகிர்ந்துகொண்டால், அவர் திரும்பி வருவார். சரக்கும் மறுநாள் வந்து சேரும். மலைச் சாலைக்கு மட்டும் உரியதன்று இது. வெள்ளக் காலத்தில் நம் சங்கத்து நூலையோ விளைபொருளையோ ஏற்றிவரும் வண்டிக்கும் இது பொருந்தும். ஆபத்தைக் கண்டு திரும்பிய ஓட்டுநருக்கு அன்றைய கூலியைக் குறைப்பதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் இயற்றலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.