உப்பில் சயனைடு என்னும் புரளி

சேர்மம் வேறு, கலவை வேறு. தனிமங்கள் குறிப்பிட்ட எடை விகிதத்தில் வேதிப் பிணைப்பால் இணைந்து, பழைய குணங்களை இழந்து புதிய பொருளாக மாறினால் அது சேர்மம். பொருள்கள் எந்த அளவிலும் ஒன்றோடொன்று சேர்ந்து, தத்தம் குணத்தை விடாமல் இருந்தால் அது கலவை. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் ஒரு தாளில் கலந்து வைத்தால் காந்தம் இரும்பை மட்டும் இழுத்துக்கொள்ளும். அதையே சூடாக்கி இரும்பு சல்பைடு ஆக்கிவிட்டால் காந்தம் இரும்பைப் பிரித்தெடுக்க முடியாது. அங்கே இருப்பது இரும்பும் அல்ல, கந்தகமும் அல்ல. பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்டப்படும் இந்தச் சோதனை தேர்வோடு மறந்துபோகிறது. மறந்துபோனதால்தான் உப்புப் பொட்டலத்தைப் பார்த்து ஊரே பயப்படுகிறது.

அந்தப் பயத்தின் பெயர் சயனைடு. தூள் உப்பில் சயனைடு விஷம் சேர்க்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கொல்கிறார்கள் என்ற செய்தி பல ஆண்டுகளாகக் கைபேசிகளில் சுற்றிவருகிறது. ஒருமுறை மறுத்தால் ஆறு மாதத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. செய்தி சுட்டுவது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு என்ற பொருளை. உப்பு ஈரத்தில் கட்டிதட்டாமல் இருக்க மிகச் சிறிய அளவில் அது சேர்க்கப்படுவது உண்மை. பொட்டலத்தின் மேல் 536 என்ற எண்ணாக அச்சிடப்படுவதும் உண்மை. அது சயனைடு விஷம் என்பது மட்டும் பொய். பெயரின் பின்பாதியைப் படித்து முன்பாதியை விட்டுவிட்டதால் பிறந்த பொய் அது.

ஃபெர்ரோசயனைடில் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஆறு சயனைடு தொகுதிகள் அதைச் சுற்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. நீரில் கரைத்தால் பொட்டாசியம் மட்டும் பிரிந்து போகும். இரும்பும் அதன் ஆறு துணைகளும் ஒரே அயனியாகவே நிற்கும். பொட்டாசியம் சயனைடு அப்படி அல்ல. அதை நீரில் போட்டவுடன் சயனைடு தனியாகக் கழன்று, உடலுக்குள் போனால் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிடுகிறது. இரண்டு பெயரிலும் ஒரே சொல் வருகிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்குவது, கரியும் சர்க்கரையும் கார்பன் கொண்டவை என்பதால் காப்பியில் கரியைப் போடலாம் என்பதைப் போன்றது.

பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு எந்த நிலையிலும் சயனைடு வெளியிடாது என்று சொன்னால் அதுவும் தவறு. வீரியமான அமிலத்தில் கொதிக்கவைத்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். ஆகவேதான் ஆய்வகத்தில் அந்த இரண்டையும் சேர்த்துச் சூடாக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். வயிற்று அமிலம் உடல் வெப்பநிலையில் இருப்பது. அது அந்தக் கொதிகலன் அல்ல. உட்கொண்டதில் பெரும்பகுதி மாறாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. குழம்பு கொதிக்கும் வெப்பம் இந்தச் சேர்மத்தைச் சிதைக்கவும் போதாது.

அளவையும் பார்க்கலாம். இந்திய விதிப்படி ஒரு கிலோ உப்பில் 10 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது. ஒருவர் நாளைக்கு 10 கிராம் உப்பு தின்றால்கூட உள்ளே போவது 0.1 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்ளலாம் என்று வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.5 மில்லிகிராம். அந்த எல்லையைத் தொட ஒரே நாளில் 150 கிராம் உப்பு தின்ன வேண்டும். அவ்வளவு உப்பைத் தின்றால் உயிருக்கு ஆபத்து உப்பாலேயே வந்துவிடும்.

இதே ஃபெர்ரோசயனைடு இரும்போடு சேர்ந்தால் பிரஷ்யன் நீலம். ஓவியர்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்தும் நிறமி அது. இன்று அது மருந்தும்கூட. 1987-இல் பிரேசிலின் கொயானியா நகரில் கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காக உடைத்தபோது, சீசியம்-137 வெளியே வந்து பலரின் உடலுக்குள் போனது. அதை வெளியேற்ற மருத்துவர்கள் பிரஷ்யன் நீலத்தைத்தான் வாய்வழியாகக் கொடுத்தார்கள், அதுவும் நாளொன்றுக்குக் கிராம் கணக்கில். அது நீரில் கரையாத வடிவம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெயரில் சயனைடு இருந்தால் விஷம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. மருந்துக்கடையில் விற்கும் பி-12 வைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது சயனோகோபாலமின். அதிலும் ஒரு சயனைடு தொகுதி உண்டு. அதை விழுங்கிக்கொண்டே உப்புக்குப் பயப்படுகிறவர்கள் ஏராளம்.

இந்தப் புரளிக்கு ஒரு தங்கையும் இருக்கிறது. சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம், குளோரின் போரில் வீசப்பட்ட நச்சு வாயு, இரண்டும் சேர்ந்ததுதான் உப்பு, ஆகவே உப்பு விஷம் என்பது அது. முதல் இரண்டும் சரி. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மன் படை குளோரினைத்தான் திறந்துவிட்டது. ஆனால் உப்பில் சோடியம் உலோகமும் இல்லை, குளோரின் வாயுவும் இல்லை. சோடியம் அணு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, குளோரின் அணு அதை வாங்கிக்கொள்ள, இரண்டும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகிப் படிகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தீப்பிடிக்கும் குணமும் மூச்சைத் திணறடிக்கும் குணமும் அந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே போய்விட்டன. உப்பின் உண்மையான கேடு அளவில்தான் இருக்கிறது. நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ளவர் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி.

உப்பளத்தில் விளைந்தது நல்லது, ஆலையில் வந்தது கெட்டது என்ற நம்பிக்கைக்கு 1799-இலேயே பதில் வந்துவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசஃப் புரூஸ்ட் தாமிர கார்பனேட்டை ஆய்வகத்தில் செய்தார். மண்ணிலிருந்து கிடைத்த அதே பொருளையும் ஆராய்ந்தார். இரண்டிலும் தனிமங்களின் எடை விகிதம் ஒன்றாகவே இருந்தது. மாறா விகித விதியின் வேர் அது. சோடியம் குளோரைடு தூத்துக்குடிப் பாத்தியில் விளைந்தாலும் தொழிற்சாலைக் குழாயில் வந்தாலும் எடையில் 39.3 விழுக்காடு சோடியம், 60.7 விழுக்காடு குளோரின். பிறந்த இடத்தைச் சேர்மம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்துப்பு என்று பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் பெரும்பகுதி இதே சோடியம் குளோரைடுதான். பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் பாறை உப்புக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவது அதில் கலந்திருக்கும் இரும்புச் சேர்மங்கள். 84 தாதுக்கள் என்ற விளம்பரம் உண்மையாகவே இருந்தாலும், கிள்ளிப் போடும் உப்பில் அவை உடலுக்கு உதவும் அளவில் வராது. ரத்தக் கொதிப்பையும் அது மற்ற உப்பைப் போலவே ஏற்றும்.

மற்ற சில தவறான நம்பிக்கைகளுக்கு ஓரிரு வரி போதும். சர்க்கரை நீரில் கரைவது வேதி மாற்றம் அல்ல; நீரை வற்றவிட்டால் சர்க்கரை திரும்பக் கிடைக்கும். காற்று சேர்மம் அல்ல, கலவை. ஐம்பொன்னும் பித்தளையும் உருக்கிச் சேர்த்தவை என்றாலும் கலவைகளே. விகிதத்தை வார்ப்பவர் மாற்றிக்கொள்ளலாம். கெமிக்கல் இல்லாத உணவு என்று ஒன்று உலகில் கிடையாது. தண்ணீரே ஒரு சேர்மம்.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு அடுப்பங்கரையில் உயிரோடு நிற்கும் இடம் அயோடின் உப்பு. அயோடின் உப்போடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை. பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின்மேல் தெளித்துக் கலக்கிறார்கள். அது கலவை. ஆகவே எளிதில் பிரியும். கல்லுப்பில் அழுக்கு இருக்கிறது என்று கழுவிவிட்டுப் போடும் வீடுகளில், படிகத்தின் மேலே ஒட்டியிருந்த அயோடேட் முதல் தண்ணீரோடு போய்விடுகிறது. திறந்த ஜாடியில், அடுப்பின் வெக்கையிலும் ஈரத்திலும் வைத்தால் அயோடின் நாளடைவில் குறையும்.

உப்பில் சேரும் சிறு அளவு அயோடினின் பலனை இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு காட்டியது. 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் உடனிருந்தவர்களும் அங்கே தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு தந்த பகுதிகளில் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசிய அளவில் திட்டம் வந்தது. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். சயனைடு புரளியை நம்பி, அயோடின் சேர்க்காத உப்புக்கு மாறும் குடும்பம் இல்லாத விஷத்துக்குப் பயந்து, இருக்கும் காப்பை இழக்கிறது.

கடையில் உப்பு வாங்கும்போது அயோடின் சேர்க்கப்பட்டது என்ற வரியையும் சிரிக்கும் சூரியன் முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும். மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கழுவக் கூடாது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் தமிழ்நாட்டில், 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பின்படி போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 61.9 விழுக்காடு. நாட்டிலேயே மிகக் குறைவு அதுதான்.