கடல் கடந்த போரும் வீட்டு உலையும்

உரைநடைப் பாடம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் இன்று அரிசி மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர். ஆனால் 1942 ஆம் ஆண்டில் இந்நகரில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அவ்வாண்டு இங்கே மழை பொய்த்ததனால் அந்நிலை நேரவில்லை. வங்கக் கடலுக்கு அப்பால் நடந்த ஒரு போரே அதற்குக் காரணம். போர்க்களமே இல்லாத ஊரின் அடுக்களைக்குள் போர் எவ்வாறு நுழைந்தது? மக்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? இப்பாடத்தில் அதனை அறிவோம்.

போரில் நுழைந்த இரு வழிகள்

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. இரண்டு நாள் கழித்துப் பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. இவ்வாறு இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

அமெரிக்கா அப்போது தன்னை நடுநிலை நாடாக அறிவித்துக்கொண்டது. போரிடும் இரு தரப்பினருள் எவருடனும் சேராமல் விலகி நிற்பதே நடுநிலை. எனினும் அந்நாடு முழுமையாக விலகி நிற்கவில்லை. 1941 மார்ச்சு மாதத்தில் சட்டம் இயற்றிப் பிரிட்டனுக்குப் போர்க்கருவிகளை வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றம் கூடி, வாக்கெடுப்பு நடத்திப் போர் அறிவித்தது. எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. அதன்பின் நாடு முழுவதும் போருக்காக அணிதிரண்டது. கார் செய்த தொழிற்சாலைகள் விமானங்களையும் பீரங்கி வண்டிகளையும் செய்தன. சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. வீட்டுக் கொல்லைகளில் மக்கள் காய்கறி பயிரிட்டனர்.

இந்தியா போரில் நுழைந்த வழி வேறு. 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். மத்திய சட்டசபையையோ மாகாண அமைச்சரவைகளையோ அவர் கலந்துகொள்ளவில்லை. இதனைக் கண்டித்து மாகாணங்களில் ஆட்சி செய்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் விலகியது. எனினும் கட்டாய ஆள்சேர்ப்பு இன்றியே, ஏறத்தாழ 2 இலட்சம் பேர் கொண்டிருந்த இந்தியப் படை 1945 ஆம் ஆண்டுக்குள் 25 இலட்சமாகப் பெருகியது. நாட்டுப்பற்றினால் சேர்ந்தோரும் உண்டு. வறுமையினால் சேர்ந்தோரும் உண்டு.

திருவனந்தபுரம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம். சித்திரைத் திருநாள் பலராம வர்மா மன்னராகவும், சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாகவும் இருந்தனர். இங்குச் சட்டசபையும் இருந்தது. ஆயினும் பிரிட்டிஷாருடன் செய்துகொண்ட பழைய உடன்படிக்கைகளின்படி, போரும் வெளியுறவும் சமஸ்தானத்தின் கையில் இல்லை. ஆகவே திருவிதாங்கூரும் பிரிட்டனின் பக்கம் நின்று உதவியது. 'போரிடலாமா?' என்று மக்களை எவரும் கேட்கவில்லை.

அரிசிக் கப்பல் நின்றது

1941 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலட்சம். அவர்களுக்கு வேண்டிய அரிசியில் பாதிகூட உள்நாட்டில் விளையவில்லை. நிலத்தின் பெரும்பகுதியில் தென்னை, ரப்பர், மிளகு, தேயிலை முதலியன பயிராயின. அவற்றை விற்ற பணத்தில் பர்மா முதலிய நாடுகளிலிருந்து அரிசி வாங்கப்பட்டது. அமைதிக் காலத்தில் இம்முறை நன்றாகவே நடந்தது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு 8 அன்று பர்மாவின் தலைநகரான இரங்கூனும் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பு நகரின்மீது குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி வருவது அடியோடு நின்றது. அரிசி விலை ஏறியது. வெளிநாடுகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லக் கப்பல்கள் குறைந்தமையால், ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிகளில் கயிற்றுத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அரிசி அரிதான அதே வேளையில், அதனை வாங்கும் பணமும் அவர்கள் கையில் இல்லாமற் போயிற்று.

உள்நாட்டு அணிதிரட்டல்

படையில் ஆள் சேர்ப்பது மட்டுமே அணிதிரட்டல் அன்று. வயலும் ஆலையும் அடுக்களையும் அதில் அடங்கும். திருவிதாங்கூரில் நான்கு வழிகளில் அது நிகழ்ந்தது.

முதலாவது, நெல் கொள்முதல். உழவர் தம் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு, எஞ்சிய நெல்லை அரசு குறித்த விலைக்கு அளிக்க வேண்டியிருந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது நாஞ்சில் நாடு. தமிழர் வாழும் அப்பகுதி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

இரண்டாவது, பங்கீடு. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆள் கணக்கின்படி அரிசி அளந்து கொடுக்கப்பட்டது.

மூன்றாவது, மாற்று உணவு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிக் கிழங்கைப் பயிரிட ஊக்குவித்திருந்தார். அரிசி இல்லாத காலத்தில் அக்கிழங்கே ஏழைகளின் பசியை ஆற்றியது.

நான்காவது, தொழில் வளர்ச்சி. மலேயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு ரப்பர் அரிதாயிற்று. ஆகவே திருவிதாங்கூர் ரப்பருக்குப் பெருந்தேவை எழுந்தது. உணவு விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும் என்பதும் உணரப்பட்டது. 1943 இல் ஆலுவாய்க்கு அருகில் 'பாக்ட்' உர ஆலைக்கான நிறுவனம் தோன்றியது. அதனை நிறுவியோர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். ஆனால் ஆலையில் உற்பத்தி தொடங்கியது 1947 இல்தான். அதற்குள் போர் முடிந்திருந்தது.

பங்கிட்டு உண்ட ஊரும் பங்கிடாத ஊரும்

1943 இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. அங்கும் பர்மா அரிசி நின்றிருந்தது. புயலும் பயிரை அழித்திருந்தது. விலை ஏறியது, பதுக்கல் பெருகியது. கல்கத்தாவின் தொழிற்சாலைப் பணியாளருக்கு முதலில் உணவு ஒதுக்கப்பட்டது; சிற்றூர் மக்கள் கைவிடப்பட்டனர். இறந்தோர் 15 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை எனக் கணக்கிடப்படுகிறது.

அரிசிக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் அத்தகைய பேரழிவு நேரவில்லை. நகரங்களோடு நில்லாமல் சிற்றூர்களுக்கும் பங்கீடு விரிவுபடுத்தப்பட்டது அதற்கு ஒரு முக்கியமான காரணம். ஆயினும் இங்குத் துன்பமே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. அளந்து கொடுத்த அரிசி ஒருவரின் பசிக்குப் போதவில்லை. கூலி இழந்தோரால் அதனையும் விலை கொடுத்து வாங்க இயலவில்லை. சேர்த்தலை முதலிய கடற்கரைப் பகுதிகளில் பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர்.

அமெரிக்க மக்கள் தாம் தேர்ந்தெடுத்தவர் வழியாகப் போரில் நுழைந்தனர். திருவிதாங்கூர் மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் போரின் சுமை இரு நாட்டு வீடுகளுக்கும் வந்தது. கேட்காமல் வந்த சுமையாயினும், இருப்பதை எல்லார்க்கும் பகிர்ந்தளித்தமையே பல உயிர்களைக் காத்தது. போர் முடிந்த பின்னும் கேரளத்தில் பங்கீட்டு முறை நிலைபெற்றது. ரேஷன் அட்டை என்று நம் வீடுகளில் வழங்கும் அட்டைக்கு இத்தகைய வரலாறு உண்டு.

சொற்பொருள்

நடுநிலை – எப்பக்கமும் சேராமை
அணிதிரட்டல் – ஒரு நோக்கத்திற்காக ஆளையும் பொருளையும் ஒன்றுசேர்த்தல்
கொள்முதல் – விலைக்கு வாங்குதல்
பதுக்கல் – விலை ஏறட்டும் என்று பொருளை மறைத்து வைத்தல்

மொழிப்பயிற்சி

நெல் + களஞ்சியம் = நெற்களஞ்சியம். இவ்வாறே சேர்த்து எழுதுக:
1. கடல் + கரை
2. பால் + குடம்
3. சொல் + பொருள்

வினாக்கள்

1. அமெரிக்காவும் இந்தியாவும் போரில் நுழைந்த முறைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
2. தென்னையும் ரப்பரும் விளைந்த நாட்டில் அரிசிப் பஞ்சம் வந்தது ஏன்?
3. அரிசி இருந்தும் சிலர் பட்டினி கிடக்க நேர்ந்தது எவ்வாறு?

சிந்தித்து எழுதுக

ஓர் ஊரில் பத்து வீடுகள் உள்ளன. ஐந்து வீடுகளுக்குப் போதுமான அரிசியே இருக்கிறது. அதனை எவ்வாறு பங்கிடுவீர்? குழந்தைகள், முதியோர், உழைப்போர், உழவர் ஆகியோரை மனத்திற்கொண்டு பத்து வரிகளில் எழுதுக.

வீட்டுச் செயல்பாடு

மரச்சீனி என்னும் சொல் திருவனந்தபுரத்து மலையாளத்திலும் குமரி மாவட்டத் தமிழிலும் வழங்குகிறது. உங்கள் சொந்த ஊரில் அக்கிழங்கை எப்பெயரால் அழைக்கின்றனர்? அரிசி கிடைக்காத காலத்தில் உங்கள் குடும்பத்தார் எதனை உண்டனர்? தாத்தா, பாட்டியிடம் கேட்டு, அவர்கள் கூறும் சொற்களிலேயே எழுதி வருக.