கடலாழம் காட்டும் எதிரொலி

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஆழி என்பது அவற்றுள் ஒன்று. ஆழ்ந்திருத்தலின் ஆழி எனப்பட்டது என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயரிலேயே ஆழத்தைக் கொண்ட அக்கடலின் ஆழம் எவ்வளவு என்பதை மேலே மிதக்கும் மனிதன் கண்ணாற் காண இயலாது. காட்டில் வேட்டையாடுபவன் மானின் அடிச்சுவட்டைக் கண்டு பின்தொடர்கிறான். உழவன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து விதைக்கிறான். மீனவனோ தான் காணாத நிலத்தின்மேல் வலையை இறக்குகிறான். அடியில் இருப்பது மணலா, சேறா, பாறையா என்பதை அறியாமல் இறக்கிய வலை பாறையிற் சிக்கிக் கிழியுமாயின், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அங்கேயே தங்கிவிடும். ஆதலின், ஆழம் அறிதல் நெய்தல் நில மக்களுக்கு வெறும் ஆராய்ச்சி அன்று. அது பிழைப்போடு பிணைந்த அறிவாகும்.

பண்டைநாள் தொட்டு இதற்குப் பயன்பட்டது ஈயக்குண்டும் கயிறுமே. குண்டைக் கட்டிய கயிற்றை நீரில் விட்டு, குண்டு தரையைத் தொட்டவுடன் கயிற்றைப் பாகக் கணக்கில் அளப்பர். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை உள்ள நீளம் ஒரு பாகம். அஃது ஏறத்தாழ ஆறடி. கடலோடிகள் அக்குண்டின் அடியில் ஒரு சிறு குழியமைத்து, அதிற் கொழுப்பை அப்பியிருப்பர். தரையைத் தொட்டு மீளும் குண்டில் மணலோ, சேறோ, சிப்பித் துணுக்கோ ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாது வந்தால் அடியில் இருப்பது பாறை என்று தெளிவர். கடலடிப் பாறைத் திட்டினைத் தமிழ் மீனவர் ‘பார்’ என்பர். மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளுக்கும் பார் என்பதே பெயர். மீன்கள் பாரினைச் சுற்றிக் கூடுவதும், வலைகள் பாரிலே கிழிவதும் அவர்கள் நன்கறிந்தவை.

ஈயக்குண்டு ஏமாற்றாது, ஆனால் விரையாது. 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களைச் சுற்றி ஆராய்ந்த ‘சாலஞ்சர்’ என்னும் ஆங்கிலக் கப்பல், 1875-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பசிபிக் பெருங்கடலில் மரியானாத் தீவுகளுக்கு அருகே 4,475 பாகம் கயிறு விட்டுத் தரையைக் கண்டது. அத்தகைய ஆழத்தில் ஒருமுறை குண்டை இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். அதுகாறும் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்றல் வேண்டும். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்துவிட்டாலோ, அளவு மிகுந்து தோன்றும். இத்தனை பாடுபட்டும் கிடைப்பது ஒரே ஒரு புள்ளியின் ஆழந்தான்.

கயிறு செய்யும் வேலையை ஒலி செய்யக்கூடும் என்னும் எண்ணத்திற்கு வழி திறந்தது, சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா ஏரியில் 1826-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் ஆய்வாகும். கொலாடன், ஸ்டர்ம் என்னும் அறிஞர் இருவர் அதனை நடத்தினர். ஓர் ஓடத்தின் கீழே நீருள் ஒரு மணி தொங்கியது. அம்மணியை அடிக்கும் அதே கணத்தில் ஓடத்தின்மேல் வெடிமருந்து பற்றி ஒளிரும். பதின்மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் மற்றோர் ஓடத்தில் இருந்தவர், நீருள் அமிழ்த்திய நீண்ட ஊதுகுழல் போன்ற குழாயிற் காதை வைத்திருந்தார். ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, நீரில் ஒலி நொடிக்கு 1,435 மீட்டர் செல்கிறது என்று அவர்கள் கணித்தனர். காற்றிற் செல்வதைவிட இது நான்கு மடங்குக்கும் மேலாகும். உப்பு நிறைந்த கடல்நீரில் ஒலி இன்னும் சற்று விரைந்து, நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும்.

இவ்வொன்றை அறிந்தால் மற்றவை எளிய கணக்கே. ஓடத்தின் அடியிலிருந்து கீழ்நோக்கி எழுப்பிய ஒலி, தரையில் மோதி, பத்தில் ஒரு நொடியில் மீண்டு வருகிறது என்று கொள்வோம். அந்நேரத்தில் அது சென்ற தொலைவு 150 மீட்டர். அதிற் பாதி போகும் வழி. பாதி திரும்பும் வழி. ஆகவே ஆழம் 75 மீட்டர். கிணற்றின் விளிம்பில் நின்று கூவி எதிரொலி கேட்டு மகிழும் சிறுவன் அறியாமலே செய்யும் கணக்கும் இதுவே.

1912-இல் ‘டைட்டானிக்’ கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பின்னர், எதிரொலியாற் கடலை அறியும் முயற்சி விரைவு பெற்றது. ஜெர்மனி நாட்டு அலெக்சாந்தர் பேம் 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே அமெரிக்காவில் பெசெண்டன் என்பார் பனிப்பாறையிலிருந்து எதிரொலி பெற்றுக் காட்டினார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பொருட்டு, பிரெஞ்சு அறிஞர் லாஞ்சவின் படிகக்கல்லில் மின்சாரத்தைப் பாய்ச்சி, செவிக்குக் கேளாத மிகை ஒலியை எழுப்பும் வகையைக் கண்டார். இன்றைய கருவிகள் யாவும் இவ்வழியில் வந்தவையே.

இவர்கள் தேடியவை தரையும், பனிப்பாறையும், பகைவர் கலமும். இடையில் நீந்திய மீன்களும் எதிரொலி தந்தன. நார்வே நாட்டு அறிஞர் ஆஸ்கார் சுண்ட், லொபோட்டன் தீவுகளுக்கு அருகே முட்டையிடக் கூடும் காட் மீன்கூட்டங்களின் எதிரொலியைத் தாளிற் பதிவு செய்து 1935-இல் வெளியிட்டார். போர் முடிந்த பின், ஜப்பான் நாட்டு நாகசாகிப் பகுதியில் மீன்பிடி ஓடங்களுக்கு மின்விளக்கு அமைத்துத் தரும் தொழில் செய்துவந்த கியோத்தாக்கா புருனோ என்பவரும் அவர் தம்பியும் இதனை மீனவர் கைக்கு ஏற்ற கருவியாக்க முற்பட்டனர். 1948-இல் அவர்களது மீன்காட்டும் கருவி விற்பனைக்கு வந்தது. ஆயினும் கருவி பிறந்தவுடன் அதனை அறியும் கண்ணும் பிறந்துவிடவில்லை. பறவையின் பறப்பையும் நீரின் நிறத்தையும் கண்டு மீனிருப்பை உரைத்த முதிய மீனவர்கள், தாளில் விழும் கருங்கோடுகளை நம்பத் தயங்கினர். அவர்களைக் குறை கூறல் தகாது. அக்கோடுகளில் எது மீன், எது வெற்றுக் குமிழி என்பதை ஆக்கியோரே கடலிற் சென்றுதான் கற்க வேண்டியிருந்தது.

அக்கல்வி இன்றும் அவ்வாறே தொடங்குகிறது. எக்கோ சவுண்டர் என்னும் ஆங்கிலப் பெயராலும் வழங்கும் இக்கருவி இப்பொழுது சிறு நாரிழைப் படகுகளிலும் இடம்பெற்றுள்ளது. முதற்கண், ஒலி எழுப்பிப் பெறும் உறுப்பினைப் படகின் அடியில் குமிழி சேராத இடத்திற் பொருத்துதல் வேண்டும். சுழலி கலக்கும் நுரை அதன்மீது பட்டால் திரை முழுதும் புள்ளிகளாகும். பின்னர், புதிதாய்ப் பயில்வோன் அமைதியான நீரில் படகை நிறுத்தி, பழைய ஈயக்குண்டையும் இறக்கிப் பார்த்தல் நன்று. குண்டு 11 மீட்டர் என்று சொல்ல, கருவி பத்தரை என்று காட்டக்கூடும். கருவியிற் பிழையில்லை, அஃது அளப்பது நீர்மட்டத்திலிருந்து அன்று, தான் பொருந்தியுள்ள இடத்திலிருந்தே. அவ்வேற்றுமையை முதல்நாளிலேயே அறியாதவன், ஆழங்குறைந்த துறையில் ஒருநாள் தடுமாறுவான்.

அடுத்து உணரவேண்டியது, திரை என்பது சாளரம் அன்று என்பது. வலப்புற ஓரத்தில் தோன்றும் கோடு ஒன்றே இக்கணத்தில் படகின் கீழ் உள்ளது. அதற்கு இடப்புறம் உள்ளவை எல்லாம் படகு கடந்து வந்த இடங்களின் வரலாறு. புதியோர் இதனை மறந்து, திரையின் நடுவில் மீனைக் கண்டவுடன் வலை வீசுவர்; மீனோ எப்பொழுதோ பின்தங்கிவிட்டது. மீன் பலகாலும் வில்போல் வளைந்து தோன்றுவதற்கும் காரணம் உண்டு. ஒலி கீழே செல்லச் செல்லக் கூம்புபோல் அகலும். படகு நெருங்கும்போது கூம்பின் விளிம்பில் உள்ள மீன் தொலைவிலும், நேர்கீழே வரும்போது அண்மையிலும், விலகும்போது மீண்டும் தொலைவிலும் அமைகிறது. வளைந்தது மீனன்று, தொலைவின் மாற்றமே வளைவாயிற்று. படகும் மீனும் அசையாது நின்றால் வில் தோன்றாது, நேர்கோடே தோன்றும்.

தரையைப் படித்தலும் தனிக்கலையே. பாறையும் கெட்டித்தரையும் ஒலியை வலிமையாகத் திருப்புவதால், கோடு தடித்துத் தோன்றும். சிலவேளை அவ்வொலி நீர்மட்டத்தில் மோதி மறுபடியும் கீழிறங்கி மீள்வதால், இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்றும் தென்படும். அதனைக் கண்டு கடல் இருமடங்கு ஆழமென்று மயங்கலாகாது; அடிநிலம் வலியது என்பதற்கு அது நல்ல சான்று. சேறு ஒலியை உறிஞ்சுதலின் மெலிந்த தடமே தரும். இங்கும் ஐயம் தோன்றினால் கொழுப்பு அப்பிய குண்டே தீர்ப்பு வழங்கும்.

ஒலியின் அலைவெண்ணும் கருதத்தக்கது. பல கருவிகளில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என இருவகை அமைந்திருக்கும். முன்னது ஆழ்ந்து செல்லும், அகன்று பரவும். பின்னது ஆழ்ந்து செல்லாது, ஆயினும் நுணுக்கம் காட்டும். கூம்பின் அகலம் 20 பாகையாயின், 30 மீட்டர் ஆழத்தில் அது பத்து மீட்டருக்குச் சற்று மிகுந்த வட்டத்தையே காணும். அவ்வட்டத்திற்கு வெளியே மீன் திரண்டிருந்தாலும் கருவிக்கு அது இல்லை. கருவியின் உணர்திறனை மிகுதியாகக் கூட்டினால் கடலெங்கும் மீன் நிறைந்தது போலத் தோன்றும். மிகுதியாகக் குறைத்தால் நிறைந்த கடலும் வெறுங்கடலாகும்.

நுண்ணுயிர்த் திரளும் சிறுமீன்களும் சேர்ந்த படலம் ஒன்று பகலில் ஆழத்திலும் இரவில் மேலேறியும் வரும். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையினர் இதன் எதிரொலியைக் கண்டு வியந்தனர். தரை இருக்கவேண்டாத இடத்தில் தரை தோன்றியது, மாலையில் அத்தரை மேலே எழுந்தது! அஃது உயிர்களின் படலம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஜெல்லி மீன்களும் இவ்வாறே மயக்கும். மீனின் எதிரொலி பெரிதும் அதன் வயிற்றினுள் உள்ள காற்றுப்பையால் எழுவது. அப்பை இல்லாத சுறா, தன் உடலின் பருமைக்குத் தக்க எதிரொலி தருவதில்லை. எனவே திரையிற் பெரிதாய்த் தோன்றுவதெல்லாம் பெரிய மீன் அன்று. இன்ன மீன் என்று கருவி பெயர் சொல்வதுமில்லை. பருவமும், நீரோட்டமும், அவ்விடத்தில் முன்பு அகப்பட்டதும் அறிந்தவனே அதற்குப் பெயர் சொல்ல வல்லவன். மலேயாவின் கிழக்குக் கரையில் முற்காலத்து மீனவத் தலைவர், படகைப் பற்றியவாறு நீரில் இறங்கித் தலையை அமிழ்த்தி, மீன்கள் எழுப்பும் ஓசையைக் கேட்டே இன்ன மீன் என்று கூறுவார். அச்செவிக்கு நிகரானது இத்திரையில் இல்லை.

கருவி தரும் ஆற்றலில் ஓர் இடர் மறைந்துள்ளது. மீன்தொகை குறையும்பொழுது எஞ்சியவை ஒருங்கு கூடி வாழும். எதிரொலி அக்கூட்டத்தை நேரே காட்டிவிடுவதால், வலைகள் முன்போலவே நிறையும். கடல் வறண்டுவருவதை வலை சொல்லாது. கனடா நாட்டு நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் காட் மீன் இவ்வாறே அருகிற்று. ஐந்நூறு ஆண்டுகளாகப் பல நாட்டவர்க்கும் உணவளித்த அம்மீன்பிடிப்பை 1992-இல் அரசு நிறுத்த நேர்ந்தது. பல்லாயிரவர் ஒருசேரத் தொழிலிழந்தனர். அவர்களுடைய பெருங்கலங்களிற் கருவிகளுக்குக் குறைவில்லை.

வானத்து விண்மீனுக்கும் கடல்வாழ் மீனுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. மேலுள்ள மீனை நோக்கித் திசையறிந்து, கீழுள்ள மீனைத் தேடியவர் பரதவர். இன்று திசையைச் செயற்கைக்கோள் காட்டுகிறது. ஆழத்தை எதிரொலி காட்டுகிறது. எனினும் மின்கலம் வற்றும், இணைப்புக்கம்பி உப்பேறி அறும், திரை இருளும். நள்ளிரவில் அவ்வாறு நேர்ந்தால், படகின் மூலையில் சுருட்டிக் கிடக்கும் கயிற்றையும் குண்டையும் எடுத்து, இருட்டிலேயே கைவிரித்துப் பாகம் எண்ணத் தெரிந்தவன் படகில் ஒருவனாவது இருத்தல் வேண்டும்.