உணவோடு பருகும் பழச்சாறு

விடுமுறை நாளில் சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ செல்லும் நாம், கடையில் சோற்றுக்கு அமர்ந்தவுடன் ஆரஞ்சுச் சாறு கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. பழம்தானே, உடலுக்கு நல்லது என்று எண்ணுகிறோம். இந்த எண்ணத்தில் பாதியே உண்மை.

ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றில், சீனி சேர்க்காவிடினும், ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உண்டு. ஐந்து தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். கடைக்காரர் தம் பங்குக்கு ஊற்றும் சீனிப்பாகு தனி! மூன்று பழங்களை மென்று தின்ன நேரமாகும், வயிறும் நிறையும். பிழிந்தாலோ நார் சக்கையோடு போய்விடுகிறது. சோறும் செரித்துச் சர்க்கரையாகவே மாறுவதால், இரண்டும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை உயர்த்துகின்றன. 2019 ஜூலையில் நம் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தபோது, 100 மில்லிலிட்டரில் 12 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பழச்சாறுகளையும் விட்டுவைக்கவில்லை.

அதே ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. நாட்டின் முக்கிய இனத்தாருள் நாமே முன்னணியில் நின்றோம். பெருமைக்குரிய முன்னணி அன்று.

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது செலவிடுகிறது. சர்க்கரையே அதன் முதன்மை எரிபொருள். எனினும், அதிகம் ஊட்டினால் அதிகம் சிந்திக்கும் என்பதில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை மிக ஏறினால் சோர்வும் கவனக் குறைவும் உண்டாகும். பல்லாண்டு கட்டுப்பாடின்றி விட்டால் நினைவாற்றலும் மங்கக்கூடும்.

சர்க்கரை இறங்கினால் அபாயம் இன்னும் விரைவானது. இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, பசியாறாமல் விடியற்காலையில் மரம் சீவச் செல்பவருக்குக் கைநடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஏற்படலாம். கையில் இருப்பதோ கூரிய கத்தி. பார்ப்பவர் அவர் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிவிடவும் கூடும். அவ்வேளையில் அரைத் தம்ளர் பழச்சாறு மருந்தாகும். கால் மணி நேரத்தில் தெளிவு பிறக்காவிடில் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்தபின் உணவு உண்ணச் செய்யவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே சோற்றோடு வெறுந்தண்ணீர் அருந்துவோம். பின்னர்க் கொய்யாவையோ பப்பாளியையோ துண்டாகத் தின்போம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தையும் அதன் சாற்றையும் அறவே விலக்கவேண்டும். அது உயிருக்கே உலை வைக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வேலைக்குச் செல்லும் பையில் ஒரு சிறு பெட்டிச் சாறு எப்போதும் இருக்கட்டும். மெட்பார்மின் மாத்திரை மட்டும் உட்கொள்பவருக்கு இந்த இறக்கம் அரிது. தம் மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அடுத்த முறை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது கேட்டறியலாம்.