சோப்பு மேல் குற்றமில்லை

புதுச்சேரி நகரத்திலிருந்து கனகசெட்டிக்குளத்துக்குக் குடிவந்த முதல் வாரமே என் சவரம் கெட்டுப்போனது. பிரஷ்ஷைச் சோப்பு வில்லையில் எத்தனை சுற்று சுற்றினாலும் நுரை எழவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கன்னத்தில் வழிந்தது. வாஷ்பேசினைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிசுக்கு. தாடைக்குக் கீழே இரண்டு கீறல். படிகாரக் கட்டியை ஒற்றிக்கொண்டே, கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று தீர்ப்பு எழுதினேன். வேறு சோப்பு வாங்கினேன். அதுவும் அப்படியே. டியூப் கிரீமுக்கு மாறியிருப்பேன், பெரியப்பா மட்டும் இல்லையென்றால்.

பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எண்பதைத் தாண்டியும் தினமும் கட்டிச் சோப்பில்தான் சவரம். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "சோப்ப ஏண்டா திட்டுற? உங்க ஊட்டு போர் தண்ணியில பருப்பு வேகுதா, மொதல்ல அதச் சொல்லு" என்றார்.

வேகவில்லை. அதை வீட்டில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குத்தான் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

அன்று மாலையே இரண்டு காலி பாட்டில் எடுத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் நான்கு விரல்கடை உயரம். கத்தியால் சுரண்டிய சோப்புத் தூள் ஆளுக்கொரு சிட்டிகை. மூடிக் குலுக்கினேன். கேன் தண்ணீரில் நுரை மூடிவரை ஏறி, நான் காபி குடித்து முடிக்கும்வரை நின்றது. போர் தண்ணீர் மோர் போலக் கலங்கி, மேலே திரித்திரியாக ஏதோ மிதந்தது. நுரை எழுந்த வேகத்தில் செத்துவிட்டது. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

அந்தத் திரிதான் விஷயம். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகின்றன. முதலில் போடுகிற சோப்பெல்லாம் இவற்றுக்குத் தீனியாகப் போகிறது, மிஞ்சினால்தான் நுரை. வாஷ்பேசினில் ஒட்டியிருந்த பிசுக்கும் அதேதான். கிழக்கே கடல், மேற்கே ஈசிஆர், நடுவில் மணல் என்று இருக்கிற இடத்தில் போர் போட்டால் வேறென்ன தண்ணீர் வரும்? மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து, அதன் நினைவாகவே ஆயி மண்டபம் கட்டினார்கள். பாரதி பூங்காவில் அதைச் சுற்றி ஓடி விளையாடியவன்தான் நான். தண்ணீரின் அருமை தெரிய இருபது கிலோமீட்டருக்குள் வீடு மாற வேண்டியிருந்தது.

காய்ச்சிப் பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்பு படிந்தது, நுரை கொஞ்சம் தேறியது, ஆனால் முழுசாக இல்லை. கடினத்தில் ஒரு பகுதிதான் காய்ச்சினால் பிரியும், மீதி தண்ணீரோடேயே இருக்கும். கடைசியில் வழி எளிதாக இருந்தது: குளிக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர், நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி நன்றாகக் கழுவப்பட்ட பிறகு விழுகிற மழைநீர் இன்னும் உசத்தி.

தண்ணீர் சரியானதும் அடுத்தது பொறுமை. சவரச் சோப்பு குளியல் சோப்பு மாதிரி தேய்த்ததும் கரைந்துவிடாது. அதில் ஸ்டீரிக் அமிலம் அதிகம். நுரை குமிழியாக இல்லாமல் வெண்ணெய் போலத் திரண்டு நிற்பது அதனால்தான். அந்த இறுக்கத்தை இளக்க, குளிக்கப் போகும்முன் வில்லையின் மேல் இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு வைக்கிறேன். பிரஷ் பன்றிமயிர் என்றால் அதையும் டம்ளரில் ஊறப்போட வேண்டும். செயற்கை இழைக்குத் தேவையில்லை. குளித்துவிட்டு வந்து, அந்த நீரைக் கன்னத்தில் தடவிக்கொண்டு, பிரஷ்ஷை நன்றாக உதறிவிட்டுச் சுற்ற ஆரம்பிக்கலாம். அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். முதலில் பசை போல வரும். பிறகு முகத்தில் வைத்து, பிரஷ் நுனியால் இரண்டிரண்டு சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். நான் வருஷக்கணக்காகச் சொட்டச் சொட்ட நனைந்த பிரஷ்ஷோடுதான் ஆரம்பித்தேன். அப்படி எழும் நுரை பார்க்கப் பெரிதாக இருக்கும், கத்தி வருவதற்குள் காய்ந்துவிடும்.

வில்லை கிண்ணத்துக்குள் வழுக்கி ஆடுவது ஒரு தொல்லை. உருக்கி ஊற்றலாம் என்று இட்லிப் பானையில் கிண்ணத்தை வைத்து ஆவி காட்டினேன். உருகவில்லை. பொங்கி, ரப்பர் மாதிரி இழுபட்டு, வாசனை போய், ஒரு சோப்பு பாழ். இரண்டு நாள் இட்லியில் வேறு சோப்பு வாசனை. சரியான வழி துருவுவதுதான்: கேரட் துருவியில் துருவி (சவரத்துக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள், வீட்டில் அமைதி முக்கியம்), நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, வாயகன்ற எவர்சில்வர் கிண்ணத்தில் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பி, இரண்டு நாள் நிழலில் உலர விட வேண்டும். கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரஷ்ஷுக்கும் நல்ல பரப்பு கிடைக்கும்.

பத்திரப்படுத்துவதில்தான் கடற்கரை ஆள் தோற்பான். இங்கே கேட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும், உப்பு ஜாடி வியர்க்கும். சோப்பில் இருக்கிற கிளிசரின் காற்றின் ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கிற பொருள். நான் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பத்திரமாக வைத்தேன்; பத்து நாளில் மேல்பாகம் களியாகி, திறந்தால் ஊசிப்போன எண்ணெய் வாடை. இப்போது சவரம் முடிந்ததும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நுரையை வழித்துக் கழுவி, நீரை வடித்து, திறந்தபடியே குளியலறைக்கு வெளியே ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன். வெயில் நேராகப் படக்கூடாது, வில்லை வெடிக்கும். புதிதாக வாங்குகிற வில்லைகளைக் காகிதம் சுற்றித் துணி அலமாரியில் போட்டுவைத்தால் இறுகிக் கெட்டியாகும், கரைவது குறையும், சட்டைக்கும் வாசனை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னபோது, மர்சேய் சோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்து கப்பல் கப்பலாக மணிலாக்கொட்டை பிரான்சின் மர்சேய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகி, சோப்புக்கும் போனது. "நம்ம கொட்டைதாண்டா அவன் மூஞ்சில நுரையா நின்னுது" என்பது அவர் கட்சி. மறுத்துப் பேசுவது வழக்கமில்லை.

இப்போது ஜன்னலோரம் இருக்கிற வில்லையைக் கார்த்திகையில் தொடங்கினேன். பங்குனி பிறந்தாயிற்று, இன்னும் கிண்ணத்தின் அடி தெரியவில்லை.