கம்பு விழுந்த பிறகு

உயரம் பாய்தலில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கம் எடுத்தவர்கூடப் பெரும்பாலும் கம்பைத் தட்டிவிட்டுத்தான் மைதானத்தை விட்டு வருவார். வென்ற பிறகும் உயரத்தை ஏற்றிப் பார்ப்பார், தொடர்ந்து மூன்று முறை தவறும், அத்தோடு சரி.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பாய்ச்சல்காரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்பேண் என இரண்டு ஒலிம்பிக். இரண்டிலும் பதக்கமில்லை. 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கத்தை எடுத்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. ஊரார் 1958ஐத்தான் சொல்வார்கள். வேலை தேடும் பிள்ளைக்கு உதவுவது, ஒலிம்பிக் பதக்கமில்லாமலே பாய்ந்த அதற்கு முந்திய ஆறு வருடம்.

தீவுப் பக்கத்து இறுப்பிட்டியிலிருந்து நேர்முகத்துக்குப் போய்விட்டு, வேலை கிடைக்காமல் தாம்போதி தாண்டித் திரும்பும் பஸ்ஸில் இருக்கிறீர்களா? அழுகை வந்தால் அழுங்கள். வீட்டுக்கு வந்ததும், தடுமாறிய கேள்வியையும் சொன்ன பதிலையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறைக்கு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். கம்பு விழுந்ததும் பாய்ச்சல்காரர் ஓடத் தொடங்கும் அடையாளத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். பாயும் முறையையே அன்றைக்கு மாற்றமாட்டார்.

அடுத்தது, கத்துகிற பயிற்றுநர். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஓடிய எவருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். "மாடு மாதிரி ஓடுறாய்" என்பதில் எடுக்க எதுவுமில்லை. "கடைசி மூன்று அடியில வேகம் குறையுது" என்பதில் இருக்கிறது. முதலாவதைக் காற்றில் விடுங்கள், இரண்டாவதைப் பிடியுங்கள். கத்துகிற மேலதிகாரியிடமும் இதே வித்தைதான்: "சேர், எந்த இடத்தில பிழைச்சது?" என்று அமைதியாகக் கேளுங்கள். சிலருக்குப் பதிலே தெரியாது. அதுவும் ஒரு தகவல்தான்.

ஆனால் கைநீட்டுவதும், குடும்பத்தை இழுத்துத் தூற்றுவதும், தொட்டுப் பேசுவதும் பயிற்சியில் சேராது. 'அடிபட்டால்தான் உருப்படுவான்' என்ற பழைய கதையை நான் ஏற்கவில்லை. திகதியோடு எழுதி வையுங்கள், வீட்டில் சொல்லுங்கள், எழுத்தில் முறையிடுங்கள்.

பதக்கமில்லை என்பதற்காக வேலை விண்ணப்பத்தில் விளையாட்டை வெட்டாதீர்கள். எத்தனை வருடம் அணியில் இருந்தீர்கள், என்ன பொறுப்பு என்று எழுதுங்கள். நேர்முகத்தில் கேட்டால், தோற்ற போட்டி ஒன்றை, நடுவரைக் குறை சொல்லாமல், இரண்டு நிமிடத்தில் சொல்ல வருமா? இன்றிரவே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.