பொம்மி ஏன் இருமுகிறாள்?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொம்மி மூன்று வாரமாக இருமுகிறாள், ராத்திரியில் அதிகம், இருமி முடிக்கும்போது வெள்ளை நுரையைக் கக்குகிறாள், ஆனால் சாப்பாட்டில் குறையில்லை என்று எழுதியிருக்கிறாய். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்கிறாளாம் ஆச்சி. மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கி ஊற்றிப் பார்க்கலாமா என்று அப்பா யோசிக்கிறாராம். "நான் என்ன செய்யட்டும் அத்தை?" என்று கடைசியில் கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பரிசோதனை மேசைமேல் ஏறியதும் நாய் பயத்தில் இருமலை மறந்துவிடும். இத்தனை வருஷ வைத்தியத்தில் நான் பார்த்த இருமல் நாய்களில் பாதிக்கு மேல் என் முன்னால் ஒரு தடவைகூட இருமியதில்லை. கூட வந்தவர்களைக் கேட்டால் "ரொம்ப நாளா இருமுது டாக்டர்" என்பார்கள். எப்போது, எப்படி என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரி வரைக்கும் பொம்மியோடு இருப்பவள் நீ. ஆகவே மருத்துவருக்குத் தேவையான சாட்சி நீதான். இருமலை அடக்குவதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதைக் கவனிப்பதும், கவனித்ததைச் சரியாகச் சொல்வதும் உன் பொறுப்பு.

அவள் இருமும்போது முதலில் போனை எடுத்து வீடியோ பிடி. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், மார்பும் வயிறும் தெரிய வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மூன்று இருக்கட்டும். நாம் இருமல் என்று நினைப்பது சில சமயம் இருமலாகவே இருக்காது. கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நின்று, மூக்கால் காற்றை உள்ளே உள்ளே இழுத்து உறுமும் சில நாய்கள். பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். ஒரு நிமிஷத்துக்குள் ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். அது தலைகீழ்த் தும்மல், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அதேபோல, இருமிய வேகத்தில் ஓங்கரித்து நுரை கக்குவதை வாந்தி என்று எண்ணி வயிற்றுக்கு மருந்து கொடுப்பவர்களும் உண்டு. வாந்தி என்றால் வயிறு முதலில் குலுங்கும். பொம்மிக்கு இருமல் முந்தி, நுரை பிந்தி என்றால் அது மூச்சுப்பாதையின் சங்கதி. வீடியோவைப் பார்த்ததும் மருத்துவர் இதைப் பிரித்துவிடுவார்.

பிறகு, எந்தச் சமயத்தில் இருமுகிறாள் என்று பார். வாசலில் ஆள் வந்து குதிக்கும்போதா, பெல்ட்டை இழுக்கும்போதா, தண்ணீர் குடித்த உடனேயா, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து உட்கார்ந்தா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கை காட்டும். தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி வை.

இனி நான் சொல்லப்போவதை நீ கட்டாயம் செய்ய வேண்டும், இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பொம்மி நன்றாகத் தூங்கும்போது அவள் விலாவைப் பார். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கு. கனவு கண்டு கால் உதறும்போது எண்ணாதே, வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போதும் எண்ணாதே. தூங்கும் நாய்க்கு நிமிஷத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும், பெரும்பாலான நாய்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். இருமல் இருந்தும் இந்த எண்ணிக்கை 20ஐ ஒட்டியே நின்றால், நுரையீரலில் இன்னும் நீர் கோக்கவில்லை என்று ஓரளவு தைரியமாக இருக்கலாம். நேற்று 22, இன்று 28, நாளை 34 என்று ஏறினால் விடியும்வரை காத்திருக்காதே, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடு. உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்கும் கணக்கு இது. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இதை வைத்தே பார்க்கிறார்கள்.

உதட்டை லேசாகத் தூக்கி ஈறையும் பார்த்துப் பழகிக்கொள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. ஈறோ நாக்கோ நீலம் பாரித்தால், படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி உட்கார்ந்து வயிற்றால் மூச்சு வாங்கினால், இருமி மயங்கி விழுந்தால், ரத்தமோ ரோஸ் நிற நுரையோ வந்தால், அது இரவு இரண்டு மணியானாலும் அவசரம். அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்றாதே, மல்லாத்திப் போடாதே, கழுத்தைப் பிடித்துத் தூக்காதே. காற்றோட்டமாக, பதற்றமில்லாமல் வண்டியில் ஏற்றுங்கள்.

ஆச்சி சொல்லும் எலும்புக்கு வருகிறேன். எலும்பு சிக்கினால் நாய் திடீரென்று துடிக்கும், முன்காலால் வாயைப் பிராண்டும், சாப்பாட்டை விழுங்க முடியாது. மூன்று வாரம் எலும்பைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இட்லியும் கறிச்சோறும் சாப்பிட முடியாது. ஆகவே பொம்மிக்கு அது இல்லை. ஆனால் இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் உன் மனதில் ஆழமாகப் பதிய வைக்க விரும்புகிறேன். "எலும்பு சிக்கிக்கிச்சு" என்று நினைத்து நாயின் வாய்க்குள் கையை விட்டு, அது வெறிநோயாக இருந்து, உயிரை இழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. வெறிநோய் வந்த நாய்க்குத் தொண்டைத் தசை செயலிழக்கும். விழுங்க முடியாது, எச்சில் வழியும், குரைக்கும் குரலே மாறும், தாடை தொங்கும். பார்ப்பதற்கு எதையோ விழுங்கித் திணறுவதுபோலவே இருக்கும். தடுப்பூசி போடாத நாய், தெருநாய், யாரையாவது கடித்த நாய் என்றால் வாயில் கை வைக்கவே கூடாது. எச்சில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொம்மிக்கு வருஷாவருஷம் ஊசி போடுகிறீர்கள் என்று தெரியும். உன் தெருவில் எத்தனை நாய்க்குப் போட்டிருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் எழுதினேன்.

அப்பாவிடம் இருமல் மருந்து வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மனிதர்களுக்கான சிரப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் பார்த்து ஊற்றுவதில்லை. சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கும். அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையும் குலைக்கும். சர்க்கரை சேர்க்காத சிரப் சிலவற்றில் இனிப்புக்குச் சைலிட்டால் சேர்ப்பார்கள். மனிதர்களை ஒன்றும் செய்யாத அந்தப் பொருள் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்திவிடும். ஆச்சியின் சின்ன வெங்காயச் சாறும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அதே கதைதான். நெஞ்சில் தைலம் தேய்த்தால் நக்கிவிடுவாள், கற்பூரம் உள்ளே போகும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுப்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமான விஷயம். இருமல் இரண்டே நாளில் அடங்கும், எல்லோரும் நிம்மதியாவார்கள், உள்ளே கிருமியோ இதயக் கோளாறோ சத்தமில்லாமல் முற்றும்.

சரி, பொம்மிக்கு என்னவாக இருக்கலாம்? பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் ஒன்பது வயதுப் பொமேரியன் என்றதும் எனக்கு இரண்டு சந்தேகம் வருகிறது.

ஒன்று மூச்சுக்குழல். அது மூடிக்கொள்ளாமல் இருக்க அரைவளையமாகக் குருத்தெலும்புகள் அதைத் தாங்கி நிற்கின்றன. சிறிய ஜாதி நாய்களில் வயதாக ஆக அவை துவண்டு, குழல் தட்டையாகிவிடுகிறது. உற்சாகப்படும்போதும் பெல்ட் இழுபடும்போதும் வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வரும். பாளையங்கோட்டை வெயிலும் உடல் பருமனும் அதை இன்னும் மோசமாக்கும். இதைப் பெரும்பாலும் மாத்திரையாலும் எடைக்குறைப்பாலுமே சமாளிக்கலாம்.

மற்றொன்று இதயம். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு தடித்துச் சுருங்கி, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் திரும்பும். ஸ்டெதஸ்கோப்பில் அது முணுமுணுப்பாகக் கேட்கும். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் பெரும்பகுதி இதுதான், அதிலும் சின்ன நாய்களுக்கு. பின்வாங்கும் ரத்தத்தால் மேலறை வீங்கி, அதன் மேலே போகும் இடது மூச்சுக்கிளையை அழுத்தும்போது இருமல் வரும். பிறகு நுரையீரலில் நீர் கோக்கும். அப்போதுதான் நீ எண்ணும் மூச்சுக்கணக்கு ஏறத் தொடங்கும். இரண்டு கோளாறும் ஒரே நாய்க்குச் சேர்ந்தே இருப்பதும் சகஜம். "வயசாச்சு, இருமத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் நீ ஒப்புக்கொள்ளாதே.

இந்த இரண்டையும் பிரித்தறிய நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும், பக்கவாட்டில் ஒன்றும் நேராக ஒன்றும். உனக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு விவரம் சொல்கிறேன். நாய்களில் விரற்கடை ஜாதியும் உண்டு, கன்றுக்குட்டி அளவும் உண்டு. அப்படியிருக்க ஒரு நாயின் இதயம் பெரிதா சிறிதா என்று எந்த அளவுகோலால் சொல்வது? அமெரிக்காவின் ஜேம்ஸ் புக்கானன் 1995இல் அதற்கு ஒரு வழி எழுதினார். இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அதே நாயின் முதுகெலும்புக் கணுக்களின்மேல் வைத்து, எத்தனை கணு வருகிறது என்று எண்ண வேண்டும். ராஜபாளையமானாலும் பொமேரியனானாலும் அளவுகோல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. சராசரி 9.7 கணு. பொமேரியனுக்குச் சற்றுக் கூடுதலாக வருவதுண்டு, ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து நீ பயப்படாதே. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால் எக்கோ எடுக்கச் சொல்வார்கள்.

இதெல்லாம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அப்பா கேட்டால் இதைக் காட்டு. 2016இல் எபிக் என்ற ஆய்வு வெளியானது. 11 நாடுகளில், வால்வு கெட்டு இதயம் பெரிதாகியும் வெளியே நோய் தெரியாத 360 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். பிமோபெண்டான் என்ற மாத்திரை கொடுத்த நாய்களுக்கு, இதயம் செயலிழக்கும் கட்டம் சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும் உயிருக்கு 15 மாதம் எவ்வளவு பெரிய காலம் என்று யோசித்துப் பார். முந்திப் பார்த்த நாய்களுக்குத்தான் அந்தக் காலம் கிடைத்தது.

உன் தோழிகளின் நாய்களுக்கு இருமல் வந்தால் கதை வேறாக இருக்கலாம். விடுதியில் விட்டு அழைத்து வந்த நாய் ஒரு வாரத்துக்குள் வறட்டு இருமல் இருமினால் அது அநேகமாகக் கென்னல் காஃப். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானே சரியாகும், அதுவரை மற்ற நாய்களிடம் விடக்கூடாது. குட்டி இருமுகிறது, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிகிறது, காய்ச்சல் என்றால் டிஸ்டெம்பராக இருக்கலாம். அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே காப்பு. பூச்சி மருந்து கொடுக்காத குட்டிக்கு வயிற்றுப் புழுவின் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் பயணம் செய்யும்போதும் இருமல் வரும். சாணவண்டைத் தின்ற நாய்க்கு உணவுக்குழாயில் புழுக்கட்டி உண்டாகி இருமலும் கக்கலும் வருவதுண்டு. கொசு கடித்து இதயத்துக்குள்ளேயே வளரும் புழுவும் இருக்கிறது. இந்தியாவில் அது வடகிழக்கு மாநிலங்களில் அதிகம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பொம்மி படுக்கும் அறையில் கொசுவத்திச் சுருளை ஏற்றாதீர்கள், வலை கட்டுங்கள். சாம்பிராணி போடும் வெள்ளிக்கிழமை அவளை மாடிக்குக் கொண்டு போ. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்கச் சொல். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் நடத்து. அவளுக்குத் தட்டிலிருந்து முறுக்கும் பிஸ்கட்டும் போடுவது யார் என்று எனக்குத் தெரியும், ஆச்சியிடம் நானே பேசுகிறேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அவ்வளவு மெலிந்தாலே இருமலில் ஒரு பங்கு குறையும்.

மூன்று வாரம் ஆகிவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம். நல்ல நாய் ஒருநாள் இரண்டுநாள் இருமினால் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் தாண்டினால் காட்ட வேண்டும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல். மாட்டாஸ்பத்திரி என்று சொல்லிச் சிலர் தயங்குவார்கள், தயங்க ஒன்றுமில்லை. நானும் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன். தடுப்பூசி அட்டை, உன் நோட்டு, வீடியோ, இதுவரை கொடுத்த மருந்தின் அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள். அப்பா பேசி முடித்ததும் நீ பேசு. "ராத்திரிதான் அதிகம், தூக்கத்தில் மூச்சு இத்தனை, பெல்ட் போட்டால் இவ்வளவு" என்று நோட்டைப் பார்த்துச் சொல். பயப்படாதே, கேட்பதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள். வரும்போது அடுத்து என்றைக்கு வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்று இரண்டையும் கேட்டுவிட்டு வா.

எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இன்று ராத்திரியிலிருந்தே மூச்சை எண்ணத் தொடங்கு.

அன்புடன்,
உன் அத்தை